பட்டாணி ஏன் சுருங்கியது?

பத்தாம் வகுப்பு உயிரியலில் சுலபமாக மதிப்பெண் வாங்கித் தரும் பாடம் எது என்று கேட்டால், பாதி வகுப்பு மெண்டலைத்தான் சொல்லும். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைச் செடியையும் கலப்பு செய்தால் முதல் சந்ததியில் எல்லாமே நெட்டை. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் இரண்டாம் சந்ததியில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. நான்கு கட்டம் போட்டு, பெரிய டி, சிறிய டி என்று நிரப்பி, அடியில் 3:1 என்று எழுதினால் முழு மதிப்பெண்.

அந்தக் கட்டத்தைப் பிழையில்லாமல் நிரப்பும் மாணவரிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நெட்டை ஏன் ஓங்குபண்பு, அதாவது கலப்பில் வெளிப்படும் பண்பு? உருண்டை விதைக்கு என்ன இருக்கிறது, சுருங்கிய விதைக்கு என்ன இல்லை? பெரிய எழுத்தில் எழுதுகிறோம், அதனால் ஓங்குகிறது என்பதற்கு மேல் பதில் வராது. இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி பரீட்சைக்கு வருவதில்லை. பரீட்சைக்கு வராததை வகுப்பில் எழுப்ப நேரம் இருப்பதில்லை.

அதற்கு விடை உண்டு. முதல் துண்டு 1990-ல் கிடைத்தது, கடைசித் துண்டு 2025-ல். அந்த விடை தெரியாமல் மெண்டலைப் படித்து முடிப்பது பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பட்டாணியில் தொடங்கும் அந்த விடை, நம் வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் வந்து முடிகிறது.

மெண்டல் செய்த வேலையை முதலில் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1822-ல் பிறந்தவர். இன்றைய செக் குடியரசில் உள்ள புர்னோ நகரத்தில் புனித தாமஸ் மடத்துத் துறவி. வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் தாவரவியலும் கணிதமும் படித்தவர். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-ல் தேறவில்லை, 1856-லும் தேறவில்லை. அந்த 1856-ல்தான் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். அதற்கு முன்பே 34 வகைப் பட்டாணிகளைத் தருவித்து, இரண்டு ஆண்டுகள் விதைத்துப் பார்த்து, தலைமுறை மாறினாலும் குணம் மாறாதவை எவை என்று சோதித்து, 22 வகைகளைத் தெரிந்தெடுத்திருந்தார். அந்த இரண்டு ஆண்டுப் பொறுமை இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருந்திருக்காது.

அவரைப் பூவைப் பார்த்தவர்களுக்குப் பட்டாணிப் பூவின் அமைப்பு புதிதல்ல. மேலே விரிந்து நிற்கும் கொடி இதழ், இருபுறமும் சிறகிதழ்கள், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு படகிதழ்கள். பத்து மகரந்தத்தாள்களும் சூலகமும் அந்தப் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். பூ மலர்வதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்து, தன் மகரந்தம் தன் சூலகமுடியிலேயே விழுந்துவிடும். அதனால் பட்டாணி தானாகவே தூய வழியில் இனம்பெருகும். கலப்பு செய்ய வேண்டுமானால் மொட்டு முற்றும் முன்பே இதழ்களைப் பிரித்து, படகிதழை எடுத்துவிட்டு, மகரந்தத்தாள்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேறு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவ வேண்டும். ஒரு மகரந்தத்தாளை விட்டுவைத்தாலும் அந்தப் பூவின் கணக்கு கெட்டுப்போகும். மெண்டல் இதை நூற்றுக்கணக்கான பூக்களில் செய்தார்.

இங்கே பாடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. மளிகைக் கடையில் காய்ந்த பட்டாணி இரண்டு தினுசில் கிடைக்கும். சுண்டலுக்கு வாங்கும் வெள்ளைப் பட்டாணி ஒன்று. பச்சை நிறத்தது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் எடுத்து இரவில் ஊறப்போடுங்கள். காலையில் தோலை உரித்தால், தோலில் நிறம் அநேகமாக இருக்காது. உள்ளே இருக்கும் பருப்புதான் ஒன்றில் மஞ்சள், மற்றதில் பச்சை. (ஊறிய தண்ணீரே கரும்பச்சையாக மாறினால் அது சாயம் ஏற்றிய சரக்கு, அதைக் கொட்டிவிடுங்கள்.) பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுவில் சின்னதாக முளைக்குருத்து தெரியும். அந்த இரண்டு பருப்புகளும் விதையிலைகள். அவை வரப்போகும் செடியின் உடல், அதாவது பிள்ளை. மேலே போர்த்தியிருக்கும் தோல் தாய்ச்செடியின் திசு.

ஆக, ஒரே காய்க்குள் வரிசையாக இருக்கும் பட்டாணிகள் ஒரு தாய் பெற்ற உடன்பிறப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனி மகரந்தத் துகளால் கருவுற்றது. ஒரே காயில் உருண்டையும் சுருங்கியதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிவது அதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டு மெண்டல் தந்த எண்களைப் பார்த்தால் அவை பேசத் தொடங்கும். விதை வடிவத்துக்கு அவர் எண்ணியது 7,324 விதைகள்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. விதை நிறத்துக்கு 8,023: மஞ்சள் 6,022, பச்சை 2,001. ஆனால் செடியின் உயரத்துக்கு 1,064 செடிகள்தான்: 787 நெட்டை, 277 குட்டை. காய் நிறத்துக்கோ 580 செடிகள் மட்டுமே. ஏன் இவ்வளவு வித்தியாசம்? விதையின் வடிவமும் நிறமும் பிள்ளையின் பண்புகள். தாய்ச்செடியின் காயை உரித்தாலே அடுத்த தலைமுறை கையில் வந்துவிடும். அந்த 7,324 விதைகளும் 253 கலப்புச் செடிகளிலிருந்தே கிடைத்தவை. உயரம் அப்படியல்ல. ஒவ்வொரு விதையையும் மண்ணில் போட்டு, முளைத்து வளரும் வரை காத்திருந்தால்தான் நெட்டையா குட்டையா என்று தெரியும். மடத்துத் தோட்டமோ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம். பரீட்சையில் கேட்க, இந்த எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

விகிதத்தைக் கண்டதோடு மெண்டல் நிற்கவில்லை. இரண்டாம் சந்ததியின் உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்து, அவற்றின் பிள்ளைகளையும் பார்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. மீதி 372 செடிகளின் காய்களில் உருண்டையும் சுருங்கியதும் கலந்திருந்தன. கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த உருண்டை விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு, சுருங்கும் தன்மையை உள்ளே சுமந்துகொண்டிருந்தது. 3:1 என்று கண்ணுக்குத் தெரிந்தது உள்ளே 1:2:1. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை எண்ணிக்கையால் மட்டுமே நிரூபித்த இடம் இது. அவருடைய ஆய்வில் என்னை மிகவும் வியக்கவைப்பதும் இதுவே.

1865 பிப்ரவரி 8-லும் மார்ச் 8-லும் உள்ளூர் இயற்கை ஆய்வுக் கழகத்தில் இதை வாசித்தார். அடுத்த ஆண்டு அச்சாகி வந்தது. பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1884-ல் மெண்டல் இறந்தார். 1900-ல் ஹியூகோ டி விரீஸ், கார்ல் காரென்ஸ் போன்றோர் தம் வழியில் அதே விகிதத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் அந்தக் கட்டுரையை உலகம் தேடிப் படித்தது. புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர் 1936-ல் அந்த எண்களை ஆராய்ந்து, அவை எதிர்பார்ப்புக்கு அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றன என்று கேள்வி எழுப்பினார். அந்த விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. ஆனால் விதி நிற்கிறது. உலகெங்கும் பல உயிரினங்களில் சோதித்து நிலைபெற்ற விதி அது.

இத்தனைக்கும் பண்பைச் சுமந்து செல்லும் அந்தக் ‘காரணி’ என்ன பொருள் என்று மெண்டலுக்குத் தெரியாது. குரோமோசோம் பற்றிய அறிவு பின்னால் வந்தது. டி.என்.ஏ.வின் அமைப்பு 1953-ல் தெரியவந்தது. இவையெல்லாம் வந்த பிறகும் மெண்டலின் பட்டாணியில் இருந்த சிறிய எழுத்து எது என்று யாருக்கும் தெரியவில்லை.

1990-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தார் சுருங்கிய விதையின் ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். பட்டாணியின் மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. நேராக நீளும் சங்கிலி அமைலோஸ். கிளை கிளையாகப் பிரியும் சங்கிலி அமைலோபெக்டின். நேரான சங்கிலியில் கிளையை ஒட்டுவதற்கு ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைத் தயாரிக்கும் மரபணுதான் மெண்டலின் பெரிய எழுத்து. சுருங்கிய விதையில் அந்த மரபணுவின் நடுவில் சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஓர் அந்நியத் துண்டு புகுந்திருக்கிறது. பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்து 1983-ல் நோபல் பரிசு பெற்றாரே, இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்கள், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த துண்டு அது. அது குறுக்கே வந்து விழுந்ததால் சரியான நொதி உருவாவதில்லை.

அதன் பிறகு நடப்பது சங்கிலித் தொடர். கிளைகள் இல்லாததால் மாவுச்சத்து சேர்வது மந்தமாகிறது. மாவாக மாற வேண்டிய சர்க்கரை அப்படியே விதைக்குள் தேங்குகிறது. சர்க்கரை மிகுந்தால் சவ்வூடு பரவல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அதே பாடநூலின் இன்னொரு அத்தியாயத்தில் மாணவர் படிக்கும் விஷயம். ஆகவே இளம் விதை தண்ணீரால் உப்பியிருக்கும். முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியேறும். உப்பிய அளவுக்கு வளர்ந்துவிட்ட தோல், உள்ளே நிரப்ப மாவு போதாமல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிடும். மெண்டல் கண்ட சுருக்கம் இதுதான். நொதி, சர்க்கரை, சவ்வூடு பரவல், மரபு என்று பாடநூல் நான்கு அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பதெல்லாம் ஒரே ஒரு பட்டாணிக்குள் சேர்ந்து நடக்கிறது.

இப்போது ‘ஏன் உருண்டை ஓங்குகிறது’ என்ற கேள்விக்கு வரலாம். கலப்புச் செடியின் செல்லில் இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று நல்லது, ஒன்று பழுது. வீட்டில் இரண்டு மோட்டார் இருந்து ஒன்று ரிப்பேர் ஆனாலும் மேல்தொட்டி நிரம்பிவிடுகிறது அல்லவா? அதுபோல ஒரு பிரதி தயாரிக்கும் நொதியே விதையை உருண்டையாக்கப் போதும். பெரிய எழுத்து சின்ன எழுத்தை அடக்கி வைக்கவில்லை. அவற்றுக்குள் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. பழுதான பிரதி சும்மா இருக்கிறது, நல்ல பிரதி வேலையைச் செய்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் பாதி நொதி என்பது பாதிதானே, அது எங்காவது தெரிய வேண்டுமே என்று ஒரு கூர்மையான மாணவர் கேட்கலாம். தெரிகிறது. விதையை உருட்டிப் பார்த்தால் தெரியாது; மாவுத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். கலப்பு விதையின் மாவுத் துகள்கள் இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்டவை. வடிவத்தைக் கேட்டால் முழு ஓங்குத்தன்மை. மாவுத் துகளைக் கேட்டால் முழுமையற்ற ஓங்குத்தன்மை. ஒரே மரபணு, ஒரே விதை. மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இந்த உதாரணம் இடம்பெற்றிருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம். பத்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

நாம் காய்கறிக் கடையில் வாங்கி உரித்துச் சாப்பிடும் இனிப்பான பச்சைப் பட்டாணியும், குளிரூட்டி விற்கும் பட்டாணியும் பெரும்பாலும் சுருங்கும் ரகத்தைச் சேர்ந்தவை. இந்தியாவில் பரவலாகப் பயிராகும் ஆர்க்கல் ரகமும் அப்படித்தான். மாவாக மாறாமல் தேங்கிய சர்க்கரைதான் நாக்கில் இனிக்கிறது. சுருங்கிய பட்டாணியின் மாவு மெதுவாகச் செரிக்கும் என்பதையும், அதைச் சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது என்பதையும் 2020-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. மரபணு பழுதானது என்று சொல்வது அதன் வேலையை வைத்துத்தான். சாப்பிடுகிறவனுக்கு அது லாபம்.

உயரத்தின் கதை 1997-ல் தெரிந்தது. தண்டு நீள்வதற்கு ஜிப்ரலின் என்ற ஹார்மோன் வேண்டும். செடி அதைப் பல படிகளில் தயாரிக்கிறது. கடைசிப் படியை முடித்துவைக்கும் நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனால் பட்டாணி குட்டை. நொதி அடியோடு செத்துவிடவில்லை. கொஞ்சம் வேலை செய்கிறது, அதனால்தான் செடி குட்டையாகவாவது நிற்கிறது. குட்டைச் செடிக்கு ஜிப்ரலின் கரைசலைத் தெளித்தால் நெட்டையாகிவிடும். ஆனால் அந்த நெட்டையின் விதையைப் போட்டால் முளைப்பது குட்டைதான். புறத்தோற்றத்துக்கும் மரபணு அமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. பள்ளித் தோட்டத்திலேயே செய்து காட்டலாம்.

நம் வயல்களில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர்.8 நெல்லை நம் மூத்த விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். பழைய உயர ரகங்களுக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 குட்டை, சாயாது. இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டாவோடு தைவானின் குட்டை ரகம் ஒன்றைக் கலந்து எடுத்த நெல் அது. அந்தத் தைவான் நெல்லின் குட்டைக்குக் காரணமான மரபணுவை 2002-ல் அடையாளம் கண்டார்கள். அதுவும் ஜிப்ரலின் தயாரிப்பு வரிசையில் உள்ள ஒரு நொதிதான். பட்டாணியில் பழுதான படிக்கு முந்தைய படி. அதுவும் ஒடுங்குபண்புதான், அதாவது கலப்பில் மறைந்துபோகும் பண்பு. மெண்டலின் குட்டைப் பட்டாணியும் பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லும் ஒரே பாதையின் அடுத்தடுத்த படிகளில் நிற்கின்றன. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா?

நிறத்தில்தான் மாணவர்கள் அதிகம் குழம்புவார்கள். விதையில் மஞ்சள் ஓங்கும், பச்சை ஒடுங்கும். காயில் தலைகீழ்: பச்சை ஓங்கும், மஞ்சள் ஒடுங்கும். மனப்பாடம் செய்பவருக்கு இது வெறும் தொல்லை. இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் ஏராளம். காரணம் தெரிந்தவருக்குக் குழப்பமே வராது. இளம் பட்டாணி விதைகள் எல்லாமே பச்சைதான். முற்றும்போது பச்சையத்தை உடைக்கும் வேலை தொடங்குகிறது. பச்சையம் போனபின் மஞ்சள் வெளிப்படுகிறது. விதை நிறத்துக்குக் காரணமான மரபணு 2007-ல் அடையாளம் காணப்பட்டது; அதன் வேலை, பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைக் கழற்றுவது என்று 2016-ல் தெரிந்தது. அது பழுதானால் பச்சையம் உடையாது, விதை பச்சையாகவே நின்றுவிடும். காயில் பழுதாவது வேறு மரபணு, பச்சையத்தைத் தயாரிக்கும் மரபணு. அது முடங்கினால் காய் மஞ்சள். விதையில் கெட்டது உடைக்கும் வேலை, காயில் கெட்டது தயாரிக்கும் வேலை. இரண்டிலும் வேலை செய்யும் பிரதியே ஓங்குகிறது. இதை ஒருமுறை கேட்ட பிள்ளை வாழ்நாளில் மறக்காது.

பூவின் ஊதா நிறத்துக்கான மரபணு 2010-ல் தெரியவந்தது. நிறமி தயாரிக்கும் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் பொத்தான் அது. மெண்டல் ஆராய்ந்த ஏழு பண்புகளில் காய் நிறம், காய் வடிவம், பூ அமையும் இடம் ஆகிய மூன்றும்தான் மிச்சம் இருந்தன. ஏறக்குறைய 700 பட்டாணி வகைகளின் மரபுத்தொகுதியைப் படித்த சீன, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 2025-ல் அவற்றுக்கும் விடை சொன்னார்கள். மஞ்சள் காய்க்குக் காரணம், பச்சையம் தயாரிக்கும் மரபணுவுக்கு முன்னால் சுமார் ஒரு லட்சம் எழுத்துகள் காணாமல் போனது. பூக்கள் தண்டின் நுனியில் கொத்தாக வருவதற்குக் காரணமோ வெறும் ஐந்து எழுத்துகள் விடுபட்டது. கட்டுரை அச்சாகி 159 ஆண்டுகள் கழித்து, மெண்டலின் ஏழு பண்புகளுக்கும் மூலம் தெரிந்தது.

ஓங்குபண்பு என்றால் வலிமையானது, அதனால் அதுவே பரவலாக இருக்கும் என்ற எண்ணம் பெரியவர்களிடமும் இருக்கிறது. ஓ ரத்தப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒடுங்குபண்பு. சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டும் நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டு, நொதி பாதியிலேயே நின்றுபோனதால் வந்தது. அதுவும் சுருங்கிய பட்டாணி போலவே 1990-ல்தான் தெரிந்தது. ஒடுங்குபண்பாக இருந்தும் நம் ஊரில் ஓ பிரிவுக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆறு விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்குபண்பாக வருகிறது. ஆனால் ஆறு விரல்காரர்கள் அபூர்வம். ஹன்டிங்டன் நோயும் ஓங்குபண்பு. அங்கே மாறிய மரபணு தயாரிக்கும் புரதமே நரம்பு செல்களுக்குக் கேடு செய்வதால், இன்னொரு பிரதி நன்றாக இருந்தும் பயனில்லை. எது ஓங்கும் என்பதை அந்தப் புரதம் செய்யும் வேலையே தீர்மானிக்கிறது.

மனித ரத்தத்தில் பட்டாணி மாவுக்கு நேரான உதாரணம் அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்து அமினோ அமிலம் மாறிப்போவதால் வருவது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இது இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் கடும் நோய். ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஆள் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார். கூடவே கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. நோயை வைத்துப் பார்த்தால் ஒடுங்குபண்பு. ஆனால் பரிசோதனைக் கூடத்தில் அவருடைய ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

பீட்டா தலசீமியா இன்னும் பலரைத் தொடும். இங்கே ஹீமோகுளோபின் சங்கிலியைத் தயாரிக்கும் மரபணுவே பழுது. ஒரு பிரதி பழுதானவர் கடத்தி. அவருக்கு லேசான சோகை இருக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பழுதான பிரதிகளும் வந்து சேரும். கடும் வகையாக இருந்தால் அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

பரீட்சையில் 3:1 எழுதியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். நான்கில் ஒன்று என்றால், முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை என்று நம்பும் பெற்றோர் உண்டு. முதல் குழந்தை நன்றாக இருப்பதால் நமக்கு ஒன்றும் இல்லை என்று நம்புவோரும் உண்டு. இரண்டும் தவறு. மெண்டலே இதற்கு ஆதாரம் விட்டுச் சென்றிருக்கிறார். 7,324 விதைகளைக் கூட்டினால்தான் கிட்டத்தட்ட 3:1. ஒவ்வொரு செடியாகப் பார்த்தபோது, ஒரு செடியில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியதுதான் இருந்தது. இன்னொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருங்கியது. இந்த இரண்டு எண்களையும் அவர் மறைக்காமல் பதிவு செய்தார். வகுப்பில் அவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தில் விகிதம் சரியாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு கருவிலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

சொந்தத்தில் மணம் செய்யும் வழக்கமும் இங்கே வந்து சேர்கிறது. பழுதான பிரதிகள் சில நம் எல்லோரிடமும் உண்டு. நல்ல பிரதி துணைக்கு இருக்கும் வரை அவை தெரிவதில்லை. தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பிரதி தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் இறங்கி ஒரு குழந்தையிடம் சேர்வதற்கான வாய்ப்பு, அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் ஒவ்வொரு மரபணுவுக்கும் பதினாறில் ஒன்று. தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தில் எட்டில் ஒன்று. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. அதைக் காரணம் காட்டி இந்தக் கணக்கை ஒதுக்கிவிடக் கூடாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டம் போடச் சொல்வதற்கு முன் ஊறிய பட்டாணி ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இது ஏன் மஞ்சள் என்று கேளுங்கள். பெற்றோரிடமும் ஒன்று. வீட்டில் யாருக்காவது இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் சோகை தீரவில்லை என்றால், தலசீமியா கடத்தியா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறியவை என்று வந்தாலும் கேளுங்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். திருமணம் பேசும்போதே, அதிலும் சொந்தத்தில் பேசும்போது, இருவரும் அதைச் செய்துகொள்ளுங்கள். இருவருமே கடத்திகள் என்று தெரிந்தால் மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரைப் பாருங்கள். கருவிலேயே கண்டறியும் வழிகளும் இருக்கின்றன.